டிஷ்வாஷரைத் திருத்துவது: கொழும்பு வீடுகளில் இருந்து அடிக்கடி வரும் கேள்விகள்

வெள்ளவத்தை, பம்பலப்பிட்டி, கொட்டாஞ்சேனைப் பக்கத்து மாடி வீடுகளில் பாத்திரம் கழுவும் மெஷின் இப்போது அபூர்வமான சாமான் இல்லை. அதைத் திருத்தத் தெரிந்தவர்கள்தான் அபூர்வம். ஃப்ரிட்ஜ் திருத்தும் ஒருவர் வந்து பார்த்துவிட்டு, "போர்ட் போயிட்டுது, புதுசு வாங்குங்கோ" என்று சொல்லிவிட்டுப் போவார். அப்படிக் கைவிடப்பட்டு என்னிடம் வந்த மெஷின்களில் பெரும்பாலானவை ஒரு சின்னப் பாகத்தால் நின்றவை. பல, பாகமே தேவைப்படாத வெறும் அடைப்பு. என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்கப்படும் கேள்விகளையும், நான் சொல்லும் பதில்களையும் கீழே எழுதியிருக்கிறேன்.

மெஷின் நின்றுவிட்டது. முதலில் எந்தப் பாகத்தை வாங்குவது?

ஒன்றும் வாங்க வேண்டாம். முதலில் பழுது எங்கே என்று பிடிக்க வேண்டும்.

இதை நான் காசு கொடுத்துத்தான் கற்றேன். சில வருடங்களுக்கு முன் பம்பலப்பிட்டியில் ஒரு அன்ரி வீட்டு மெஷின். பட்டனை அழுத்தினால் விளக்கு எரியும், ஆனால் கழுவத் தொடங்காது. கன்ட்ரோல் போர்ட்தான் (மெஷினை இயக்கும் மின்சுற்றுப் பலகை) என்று நினைத்து வெளிநாட்டில் இருந்து ஒன்று எடுப்பித்தேன். வந்து சேர ஐந்து வாரம். போட்டுப் பார்த்தால் அதே நிலைமை. பிறகு கதவின் உள்தகட்டைக் கழற்றினேன். கதவுப் பூட்டுக்குள் இருக்கும் சின்ன சுவிட்சின் தொடுமுனைகளுக்கு நடுவே செத்த எறும்புகள் பொடியாகி அடைந்திருந்தன. கதவு மூடியிருப்பதே மெஷினுக்குத் தெரியவில்லை. பழைய டூத்பிரஷ்ஷால் தட்டித் துடைத்ததும் ஓடியது. போர்டின் காசை அன்ரியிடம் நான் வாங்கவில்லை. அன்றில் இருந்து, சோதித்துப் பார்க்காமல் ஒரு வோஷர்கூட வாங்குவதில்லை.

பழுதைப் பிடிக்கச் சுலபமான வழி ஒன்று இருக்கிறது. பாத்திரம் எதுவும் வைக்காமல் மெஷினைப் போட்டுவிட்டு, பக்கத்தில் கதிரை போட்டு இருந்து கேளுங்கள். தொடங்கியதும் தண்ணீர் வெளியேற்றும் பம்ப் கொஞ்ச நேரம் உறுமும். அப்புறம் ஸ்ஸ் என்று தண்ணீர் உள்ளே வரும், மூன்று நாலு லீற்றர். பிறகு கழுவும் மோட்டார் ஓடி, தண்ணீர் சுவரில் அடிக்கும் சளசளப்புக் கேட்கும். கொஞ்ச நேரத்தில் கதவு சூடாகும். கடைசியில் அழுக்குத் தண்ணீர் சிங்க் குழாய் வழியாகப் போகும் சத்தம். இந்த வரிசையில் எந்த இடத்தில் நிற்கிறதோ, அந்த இடத்துப் பாகத்தைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும்.

என்ன கருவிகள் வேண்டும்? பயமில்லாமல் கை வைக்கலாமா?

ஒரு மல்டிமீட்டர் (மின்தடையை ஓம் கணக்கில் அளக்கும் மீட்டர்), ஆறு முனை நட்சத்திரத் தலை ஸ்க்ரூ டிரைவர் (டோர்க்ஸ், 15, 20 இரண்டு அளவும்), குறடு, டார்ச், பழைய துவாய் நாலு, ஸ்பொஞ்ச் ஒன்று. அவ்வளவுதான்.

பிளக்கைக் கழற்றிய பிறகே கை வைக்க வேண்டும். சுவிட்சை நிறுத்தினால் மட்டும் போதாது. தண்ணீர்க் குழாயையும் மூடுங்கள். நான் இங்கே சொல்லும் மல்டிமீட்டர் அளவுகள் எல்லாம் கரண்ட் இல்லாத நிலையில், பாகத்தின் வயரைக் கழற்றி வைத்து எடுப்பவை. கரண்ட் ஓடும்போது அளக்க வேண்டி வந்தால் அதைத் தொழில் தெரிந்தவரிடம் விடுங்கள். தடித்த கையுறை போடுங்கள்: அடித்தகட்டின் விளிம்பு சவர அலகு போல இருக்கும், என் வலது கட்டைவிரலில் அந்தத் தழும்பு இன்னும் இருக்கிறது.

தண்ணீர் உள்ளே வரவே இல்லை. வால்வ் போய்விட்டதா?

கொழும்பில் இந்தக் கேள்விக்கு வால்வைப் பார்க்க முன் மொட்டைமாடியைப் பார்க்க வேண்டும்.

நம்முடைய வீடுகளில் பெரும்பாலும் தண்ணீர்ச் சபையின் தண்ணீர் நேராகக் குழாய்க்கு வருவதில்லை. கீழே ஒரு தொட்டி, மேலே ஒரு தாங்கி, அதிலிருந்துதான் சமையலறைக்கு. தாங்கி 10 மீற்றர் உயரத்தில் இருந்தால் கிட்டத்தட்ட 1 பார் அழுத்தம் கிடைக்கும். நீங்கள் மேல்மாடியில் இருந்து, தாங்கி உங்கள் குழாயை விட 3 மீற்றர்தான் உயரம் என்றால் வெறும் 0.3 பார். பல மெஷின்கள் குறைந்தது 0.3 முதல் 0.5 பார் வரை கேட்கின்றன. கை கழுவ அந்தத் தண்ணீர் போதும், மெஷினுக்குப் போதாது. அது சில நிமிடம் காத்திருந்துவிட்டுப் பழுதுக் குறியைக் காட்டும். ஐந்தாம் மாடிக்காரர் மூன்று வால்வ் மாற்றியும் சரிவராமல் கடைசியில் ஒரு சின்ன பிரஷர் பம்ப் பூட்டிச் சரியானதை நான் பார்த்திருக்கிறேன்.

சோதிப்பது இப்படி. மெஷினுக்குப் போகும் ஹோஸைக் குழாயில் இருந்து கழற்றி, 10 லீற்றர் வாளியைப் பிடித்துக் குழாயை முழுதாகத் திறவுங்கள். ஒரு நிமிடத்தில் வாளி நிறைந்தால் கவலை இல்லை. இரண்டு மூன்று நிமிடம் எடுத்தால் பழுது மெஷினில் இல்லை.

வாளி நிறைகிறதா? சரி, அடுத்தது வடி. ஹோஸ் மெஷினுடன் சேரும் இடத்தில், வால்வின் வாய்க்குள், விரல் நகம் அளவில் ஒரு சின்ன வலை இருக்கும். குறட்டால் மெல்ல இழுத்தால் வெளியே வரும். தெருவில் குழாய் உடைந்து திருத்திய வாரங்களில் இந்த வலை மண்ணும் துருவும் ஏறிச் செங்கல் நிறத்தில் இருக்கும். கழுவிப் போடுங்கள். குத்தி ஓட்டை போட வேண்டாம், அந்த மண் வால்வுக்குள் போனால் வால்வ் மூடாது. மூடாத வால்வ், இரவெல்லாம் தண்ணீர் கசியவிடும்.

இதற்குப் பிறகும் வராவிட்டால்தான் வால்வின் சுருள். அதன் இரண்டு முனையிலும் மீட்டரை வைத்தால் 230 வோல்ட் வால்வ் ஒன்று சுமார் 3 முதல் 5 கிலோ ஓம் காட்டும். ஒன்றுமே காட்டாவிட்டால் சுருள் அறுந்துவிட்டது, புதிதாகப் போடலாம். விலை குறைந்த பாகம், இரண்டு ஸ்க்ரூ. ஒரு எச்சரிக்கை: குழாய் முனையில் பெரிய பெட்டி போல ஒன்று தொங்கும் ஹோஸ் என்றால், அந்தப் பெட்டிக்குள்தான் வால்வும் கரண்ட் வயரும் இருக்கும். அந்த ஹோஸை வெட்டி நீட்டக் கூடாது. பழுதானால் முழுதாக மாற்ற வேண்டும்.

கழுவி முடிந்ததும் அடியில் தண்ணீர் நிற்கிறது. பம்ப் வாங்கவா?

பத்தில் ஏழு எட்டு வீடுகளில் வேண்டாம் என்பதே என் அனுபவம்.

முதலில் ஃபில்டர். கீழ்க் கூடையை எடுத்துவிட்டு, நடுவில் இருக்கும் உருளையைத் திருகி எடுங்கள். நம்முடைய சமையலில் என்னென்ன சேருமோ அத்தனையும் அங்கே இருக்கும்: தேங்காய்ப்பூ, சிவப்பரிசிச் சோறு, கறிவேப்பிலைக் காம்பு, ரம்பை நார், நெத்தலி முள். வெளிநாட்டுக் கையேட்டில் மாதத்துக்கு ஒருமுறை கழுவச் சொல்லியிருக்கும். தேங்காய்ப்பூச் சம்பல் தினமும் அரைக்கும் வீட்டில் வாரம் ஒருமுறை கழுவுங்கள்.

ஃபில்டரை எடுத்த குழிக்குள் நிற்கும் தண்ணீரை ஸ்பொஞ்சால் ஒற்றி எடுங்கள். குழியின் ஒரு பக்கத்தில் சின்னப் பிளாஸ்டிக் மூடி இருக்கும். அதைக் கழற்றினால் பம்பின் விசிறி விரலுக்குத் தட்டுப்படும். கண்ணாடிச் சில்லு இருக்கக்கூடும், அதனால் வெறுங்கையோடு தடவ வேண்டாம். விசிறியைச் சுற்றிப் பாருங்கள். அது வழுக்கிக்கொண்டு சுற்றாது. அங்கங்கே நின்று, தள்ளினால் டக்கென்று அடுத்த இடத்துக்குப் போகும். உள்ளே காந்தம் இருப்பதால் அப்படித்தான் இருக்கும், அதைப் பழுது என்று நினைக்காதீர்கள். சுற்றவே மறுத்தால் ஏதோ சிக்கியிருக்கிறது. தடையே இல்லாமல் லொடலொடவென்று சுற்றினால் விசிறி அச்சில் இருந்து விட்டுப்போயிருக்கிறது, அப்போதுதான் புதுப் பம்ப்.

கொட்டாஞ்சேனையில் ஒரு வீட்டில் புதுப் பம்ப் வாங்கி மேசையில் வைத்துவிட்டு என்னைக் கூப்பிட்டார்கள். விசிறிக்கும் சுவருக்கும் நடுவில் மாசித் துண்டு ஒன்று ஆப்பு வைத்தது போல இறுகியிருந்தது. சம்பல் கிண்ணத்தில் இருந்து போனது. தண்ணீரில் ஊறியும் மாசி மாசிதான், கல்லு மாதிரி. சின்னக் குறட்டால் எடுத்துவிட்டேன். பம்ப் பெட்டி பிரிக்காமலே கடைக்குத் திரும்பிப் போனது.

புதிதாகப் பூட்டிய மெஷின் முதல் நாளே தண்ணீரை வெளியேற்றாவிட்டால் சிங்கின் கீழே பாருங்கள். மெஷின் ஹோஸ் சேரும் குழாயின் வாயில் பிளாஸ்டிக் சவ்வு ஒன்று வெட்டப்படாமல் இருக்கும். குழாய் வேலை செய்தவர் மறந்திருப்பார்.

பம்பின் சுருளைச் சோதிப்பதென்றால், பெரும்பாலானவை 100 முதல் 200 ஓம் வரை காட்டும்.

திரையில் ஏதோ எழுத்தும் எண்ணும் வருகிறது. அதை வைத்தே பாகம் வாங்கலாமா?

கூடாது. அது தெருவைத்தான் சொல்லும், வீட்டு இலக்கத்தைச் சொல்லாது. பொஷ், சீமென்ஸ் மெஷினில் ஈ 24 வந்தால் தண்ணீர் வெளியேறவில்லை என்று அர்த்தம். எல்ஜியில் ஓஈ என்றாலும் அதே, ஐஈ என்றால் தண்ணீர் வரவில்லை. சாம்சங்கில் 4சி தண்ணீர் வரவில்லை, 5சி வெளியேறவில்லை. வெளியேறாததற்குக் காரணம் மாசித் துண்டா, மடிந்த ஹோஸா, பம்பா என்பதை எழுத்து சொல்லாது.

பொஷ் மெஷினில் ஈ 15 வந்து, பம்ப் நிற்காமல் ஓடிக்கொண்டே இருக்கிறது. என்ன இது?

மெஷினின் அடித்தட்டில் தண்ணீர் சேர்ந்துவிட்டது. அங்கே வெள்ளை நிற ரெஜிஃபோம் மிதவை ஒன்று இருக்கும். தண்ணீர் ஏறினால் அது உயர்ந்து ஒரு சுவிட்சைத் தட்டும். உடனே மெஷின் எல்லாவற்றையும் விட்டுவிட்டுத் தண்ணீரை வெளியேற்றத் தொடங்கும். உங்கள் கீழ்வீட்டுக்காரரின் சீலிங்கைக் காப்பாற்றும் ஏற்பாடு இது. வேறு நிறுவனங்களின் மெஷின்களிலும் இதே மிதவை உண்டு, எழுத்துத்தான் வேறு.

மெஷினைப் பின்பக்கம் சாய்த்துத் தண்ணீரை ஊற்றிவிடச் சொல்லிப் பலர் காட்டுவார்கள். எழுத்து மறையும், உண்மைதான். கசிவு அங்கேயே இருக்கும், இரண்டு நாளில் திரும்பி வரும். கீழே முன்பலகையைக் கழற்றி, துணியை நுழைத்துத் தண்ணீரை ஒற்றி எடுங்கள். அடித்தட்டு காய்ந்த பிறகு பழைய வீரகேசரித் தாள்களை விரித்துவிட்டு மெஷினைக் கொஞ்ச நேரம் ஓட்டுங்கள். பிறகு நிறுத்திப் பிளக்கைக் கழற்றி, தாளை வெளியே இழுத்துப் பாருங்கள். எந்த இடம் நனைந்திருக்கிறதோ அதற்கு நேர் மேலே கசிவு. முன்பக்கம் என்றால் கதவு ரப்பர். நடுவில் என்றால் பம்பின் ரப்பர் வளையம் அல்லது ஹோஸ் கவ்வி. வால்வ் இருக்கும் மூலை என்றால் ஹோஸ் வோஷர்.

அந்த மிதவைச் சுவிட்சை வயர் போட்டுக் கட்டிவிடும் பாஸ்மாரும் இருக்கிறார்கள். தயவுசெய்து விடாதீர்கள். கதவு சுவிட்சையும் அப்படித்தான்.

கதவுக்குக் கீழே சொட்டுகிறது. ரப்பரை நானே மாற்றலாமா?

மாற்றலாம், ஸ்க்ரூ டிரைவர்கூடத் தேவையில்லை. ஆனால் முதலில் பழைய ரப்பரைத் துடைத்துப் பாருங்கள். மடிப்புக்குள் எண்ணெய்க் கசடு இறுகி ரப்பரைத் தூக்கிப் பிடித்திருக்கும். சுடுநீரும் துணியும் போதும், பாதிப் பேருக்கு அதோடு சரியாகிவிடும்.

மாற்றுவதென்றால் மெஷின் மொடலுக்குரிய ரப்பர்தான் வேண்டும். ஒத்த அளவு என்று கடைக்காரர் தரும் பொது ரப்பர் மூலையில் மடிந்து நிற்கும். புது ரப்பரை இளஞ்சூட்டு நீரில் பத்து நிமிடம் போட்டு இளக்குங்கள். மேல்விளிம்பின் நடுவில் தொடங்கி இரண்டு பக்கமும் சம அளவாக அழுத்திக்கொண்டு வாருங்கள். ஒரு முனையில் தொடங்கி இழுத்துப் பூட்டினால் மறுமுனையில் நீளம் காணாது. பல மெஷின்களில் கதவின் அடியில் தனியாக இன்னொரு ரப்பர் உண்டு, கசிவு அதுவாகவும் இருக்கலாம். சிலிக்கன் பூசி ஒட்ட வேண்டாம்.

தண்ணீர் சூடாகவே இல்லை.

ஹீட்டரின் இரண்டு முனையிலும் மீட்டரை வைத்து அளந்து பாருங்கள். 230 வோல்ட்டில் 1800 வாட் ஹீட்டர் என்றால் சுமார் 29 ஓம், 2000 வாட் என்றால் 26 ஓம் காட்ட வேண்டும். வோல்ட்டை வோல்ட்டால் பெருக்கி வாட்டால் வகுத்தால் உங்கள் ஹீட்டரின் அளவு வந்துவிடும். ஒன்றும் காட்டாவிட்டால் ஹீட்டர் அறுந்துவிட்டது.

ஹீட்டர் நல்லது, ஆனால் சூடு இல்லை என்றால் சூடு பார்க்கும் சென்சார். பல மெஷின்களில் அது 25 டிகிரியில் 10 கிலோ ஓம். கழற்றி உள்ளங்கையில் பொத்திப் பிடித்தால் அளவு மெல்ல இறங்க வேண்டும். இறங்காமல் நின்றால் மாற்றுங்கள். அதுவும் நல்லதென்றால் போர்டில் ஹீட்டருக்குக் கரண்ட் விடும் சின்ன சுவிட்சான ரிலேயின் காலைப் பாருங்கள். அதிக கரண்ட் போகும் இடம், ஈயம் கருகி வெடித்திருக்கும். டிவி திருத்தும் கடையில் கொடுத்தால் திரும்ப ஈயம் வைத்துத் தருவார்கள். முழுப் போர்டும் தேவையில்லை.

புது மெஷின்கள் பலவற்றில் ஹீட்டர் தனியாக இல்லை, கழுவும் பம்புக்குள்ளேயே இருக்கும். அது அறுந்தால் பம்பையும் சேர்த்து வாங்க வேண்டும். விலை கூடிய வேலை.

மெஷின் போட்டால் வீட்டு ட்ரிப் சுவிட்ச் விழுகிறது.

எப்போது விழுகிறது? பிளக்கைப் போட்டவுடனே என்றால் வயரோ, உள்ளே வயர் நுழையும் இடத்தில் இருக்கும் கரண்ட் ஃபில்டரோ (தண்ணீர் ஃபில்டர் இல்லை). தண்ணீர் வரும்போது என்றால் வால்வ். கழுவத் தொடங்கிப் பத்துப் பதினைந்து நிமிடம் கழித்து என்றால் பெரும்பாலும் ஹீட்டர். அதன் உறை வெடித்து ஈரம் போயிருக்கும், 30 மில்லி ஆம்பியர் கசிந்தாலே ட்ரிப் சுவிட்ச் விழும்.

இதைச் சாதாரண மல்டிமீட்டரால் எப்போதும் பிடிக்க முடியாது. மீட்டர் சில வோல்ட்டில்தான் பார்க்கிறது, கசிவு 230 வோல்ட்டில்தான் தெரியும். கரண்ட் கசிவைச் சோதிக்கும் 500 வோல்ட் மெகர் மீட்டர் வைத்திருக்கும் எலக்ட்ரீசியனிடம் கொண்டுபோங்கள், இரண்டு நிமிட வேலை. ட்ரிப் சுவிட்சை மாற்றி 'பலமானது' போடச் சொல்பவரின் பேச்சைக் கேட்க வேண்டாம். தரை ஈரமான சமையலறையில் அது உயிர் விஷயம்.

இதோடு இன்னொன்று. 2000 வாட் மெஷின் கிட்டத்தட்ட 9 ஆம்பியர் இழுக்கும். கேத்திலோடு சேர்த்து ஒரே மல்டிபிளக்கில் போடாதீர்கள், 13 ஆம்பியர் சுவர்ப் பிளக்கில் தனியாக விடுங்கள்.

கழுவும் மோட்டார் 'ம்ம்' என்று முனகுகிறது, சுற்றவில்லை.

பழைய மாதிரி மெஷின் என்றால் மோட்டாருக்குப் பக்கத்தில் உருளை வடிவில் ஒரு கெப்பாசிட்டர் இருக்கும், 3 அல்லது 4 மைக்ரோஃபராட், 450 வோல்ட். சீலிங் ஃபேன் மெதுவாகச் சுற்றும்போது மாற்றுவோமே, அதே இனம். முதலாம் குறுக்குத் தெருவில் எந்தக் கடையிலும் கிடைக்கும். பழைய கெப்பாசிட்டரின் மேல் எழுதியிருக்கும் அளவிலேயே வாங்குங்கள். கழற்ற முன், பிடி காப்பிட்ட ஸ்க்ரூ டிரைவரால் இரண்டு முனையையும் தொடவைத்து மிச்சக் கரண்டை இறக்கிவிடுங்கள்.

மாதக்கணக்காகப் பூட்டிக் கிடந்த வீட்டு மெஷினும் இப்படி முனகும். பம்பின் ரப்பர் காய்ந்து ஒட்டியிருக்கும். மோட்டாரின் அச்சைக் கையால் நாலு சுற்றுச் சுற்றிவிட்டால் பல வேளை எழும்பிவிடும்.

ஓடுகிறது, ஆனால் பாத்திரத்தில் அழுக்குப் போகவில்லை.

அநேகமாகப் பாகம் எதுவும் தேவையில்லை. சுழலும் கைகளைக் கழற்றி வெளிச்சத்தில் பிடியுங்கள். ஓட்டைகளில் சோற்றுப் பருக்கையும் எலுமிச்சை விதையும் இருக்கும். ஈர்க்குக் குச்சியால் குத்தி எடுங்கள், பிறகு குழாயில் பிடித்து உள்ளே கழுவுங்கள். சுழலும் கை விரலால் தட்டினால் சுற்றுகிறதா, உயரமான தாச்சியில் முட்டுகிறதா என்றும் பாருங்கள். கையின் தையல் பிரிந்து பக்கத்தால் தண்ணீர் அடித்தால் மட்டும் புதிதாக வாங்குங்கள்.

பாத்திரம் கழுவும் சாதாரண லிக்விட் போட்டுவிட்டேன்!

நிறுத்துங்கள். நுரை கதவால் வழிந்து அடித்தட்டுக்கும் போயிருக்கும், மிதவை எழும்பியிருக்கும். ஒரு கரண்டி சமையல் எண்ணெய் ஊற்றினால் நுரை அடங்கும். தண்ணீரை வெளியேற்றி, மறுபடி இரண்டு முறை வெறுமனே ஓட்டுங்கள். ஒன்றும் உடையவில்லை.

உப்புப் போடத்தான் வேண்டுமா?

கொழும்புக் குழாய்த் தண்ணீர் களனி ஆற்றில் அம்பத்தலேயில் எடுப்பதும், லபுகம, கலட்டுவாவ நீர்த்தேக்கங்களில் இருந்து வருவதும்தான். மெல்லிய தண்ணீர், சுண்ணாம்பு குறைவு. மெஷினில் தண்ணீர்க் கடினத்தை ஆகக் குறைந்த அளவில் வையுங்கள், உப்புச் செலவு மிகக் குறையும். அந்த அளவில் உப்பே கேட்காத மெஷின்களும் உண்டு.

அதே மெஷினை யாழ்ப்பாணத்துக்குக் கொண்டுபோனால் கதை வேறு. அது சுண்ணக்கல் பூமி, கிணற்றுத் தண்ணீர் கொதித்த கேத்திலைப் பார்த்தாலே தெரியும். அங்கே உப்பு இல்லாமல் ஓட்டினால் ஹீட்டர் வெள்ளைப் படலம் ஏறிச் சீக்கிரம் அறும். சமையல் தூள் உப்பு வேண்டாம், அது கட்டியாகி அடைக்கும். மெஷினுக்கென்று வரும் பெரிய கல்லுப்பை வாங்குங்கள்.

ஒரு விளக்கும் எரியவில்லை. மெஷின் முழுதாகச் செத்துவிட்டது.

பிளக்கின் ஃபியூஸ், சுவர் சுவிட்ச், கதவுப் பூட்டு. இந்த மூன்றும் முதலில்.

அப்புறம் கடற்காற்று. வெள்ளவத்தையிலும் தெஹிவளையிலும் மரைன் டிரைவ் பக்கத்து வீடுகளில் போர்டின் கனெக்டர்கள் பச்சை பூத்திருக்கும். ஒவ்வொன்றாகக் கழற்றிக் கான்டாக்ட் கிளீனர் அடித்து, இரண்டு மூன்று முறை போட்டுப் போட்டுக் கழற்றினால் பல மெஷின்கள் உயிர் பெறும். பல்லி, கரப்பான் போர்டின் மேல் செத்துக் கிடப்பதும் இங்கே வழக்கம்.

கரண்ட் போய்த் திரும்பி வரும்போது வரும் அடி இன்னொன்று. 2022ஆம் ஆண்டு மார்ச்சில் ஒரு நாளைக்கு 13 மணி நேரம் வரை கரண்ட் வெட்டினார்களே, அந்தக் காலத்தில் போர்ட் போன மெஷின்கள் பல என் கைக்கு வந்தன. கரண்ட் நுழையும் இடத்தில் சின்ன வட்டத் தட்டு போல வேரிஸ்டர் ஒன்று இருக்கும். அது கருகி வெடித்திருந்தால், அதுவும் பக்கத்து ஃபியூஸும் தங்களைக் கொடுத்து மற்றதைக் காப்பாற்றியிருக்கின்றன என்று அர்த்தம். இரண்டையும் மாற்றிப் பார்த்த பிறகே போர்ட் பற்றி யோசியுங்கள்.

பாகங்களைக் கொழும்பில் எங்கே வாங்குவது?

கடைக்குப் போக முன் கதவைத் திறந்து, அதன் மேல்விளிம்பையோ பக்க விளிம்பையோ பாருங்கள். அங்கே ஒட்டியிருக்கும் தகட்டைப் படம் எடுங்கள். கதவின் முன்னால் பெரிதாக எழுதியிருக்கும் பெயர் போதாது, முழு மொடல் இலக்கம் வேண்டும். பொஷ், சீமென்ஸ் என்றால் ஈ-என்ஆர் என்று தொடங்கும் இலக்கமும், எஃப்டி என்ற இலக்கமும். எஃப்டியில் முதல் இரண்டு இலக்கத்தோடு 20ஐக் கூட்டி, வரும் தொகையின் கடைசி இரண்டு இலக்கத்தை எடுத்தால் அது செய்த வருடம், அடுத்த இரண்டும் மாதம். 9805 என்றால் 2018 மே. ஒரே மொடலில் இடையில் பம்பை மாற்றியிருப்பார்கள், அதனால் இது முக்கியம்.

ஏஜென்ட் சேவை நிலையத்தில் முதலில் கேளுங்கள். போர்ட், ஹீட்டர், கதவு ரப்பர் மூன்றுக்கும் அதுதான் நல்ல வழி. பம்ப், கெப்பாசிட்டர், வால்வ், ஹோஸ், கவ்வி என்றால் புறக்கோட்டை. முதலாம் குறுக்குத் தெருவில் வாஷிங் மெஷின் சாமான் விற்கும் கடைகளில் பழைய பம்பைக் கையில் கொடுத்துக் கேளுங்கள். 'டிஷ்வாஷர் பம்ப்' என்று வாயால் கேட்டால் இல்லை என்பார்கள். கையில் பார்த்தால் உள்ளே போய் எடுத்து வருவார்கள். வாஷிங் மெஷினுக்கும் டிஷ்வாஷருக்கும் வெளியேற்றும் பம்பின் உடம்பு பல வேளை ஒன்றுதான். பூட்டும் காது மூன்றா நாலா, வயர் குத்தும் இடம் முன்னாலா பின்னாலா, வாட் எவ்வளவு, விசிறியின் உயரம் என்ன என்று ஒப்பிட்டு வாங்குங்கள். ரப்பர் வளையம், ஸ்டெயின்லெஸ் கவ்வி, குழாய் இணைப்பு எல்லாம் பழைய சோனகத் தெரு ஹார்ட்வெயார் கடைகளில். ஓயில் சீல் மாதிரி ஒன்று வேண்டுமென்றால் பஞ்சிகாவத்தை வாகன உதிரிப்பாகக் கடைகளில் அளவு சொல்லி எடுக்கலாம்.

பெயர் வேறானாலும் பாகம் ஒன்றாக இருப்பதை மறக்காதீர்கள். பொஷ், சீமென்ஸ், நெஃப் ஒரே குடும்பம். பெக்கோவும் கிரண்டிக்கும் ஒரே குடும்பம். மிடியா நிறுவனம் பல பெயர்களுக்கு மெஷின் செய்து கொடுக்கிறது. உங்கள் பெயரில் பாகம் கிடைக்காவிட்டால் சகோதரப் பெயரில் தேடுங்கள்.

பழைய மெஷினில் கழற்றிய பாகம் வாங்கலாமா?

கூடை, கூடைச் சில்லு (சக்கரம்), சுழலும் கை, கதவு ஸ்பிரிங், வெளித்தகடு என்றால் தாராளமாக. ரப்பரும் ஹீட்டரும் வேண்டாம். போர்ட், இலக்கம் அச்சொட்டாக ஒன்றாக இருந்தால் மட்டும்.

கனடாவில் அக்கா வீட்டு மெஷினை அனுப்புகிறார். இங்கே ஓடுமா?

வேண்டாம் என்று அக்காவிடம் அன்பாகச் சொல்லிவிடுங்கள். அங்கே 120 வோல்ட், 60 ஹேர்ட்ஸ். இங்கே 230, 50. ட்ரான்ஸ்ஃபோமர் வோல்ட்டைத்தான் மாற்றும், ஹேர்ட்ஸை மாற்றாது. பாகமும் இங்கே கிடைக்காது. சவூதியில் இருந்து வருவதும் 60 ஹேர்ட்ஸ்தான், கவனம். லண்டனில் இருந்து வந்தால் பிளக்கைக்கூட மாற்ற வேண்டியதில்லை, பாகமும் கிடைக்கும்.

கதவைத் திறந்தால் தடாரென்று விழுகிறது.

ஸ்பிரிங்கில் இருந்து வரும் கயிறு அறுந்துவிட்டது. ஒரு பக்கம்தான் அறுந்திருந்தாலும் இரண்டு பக்கமும் மாற்றுங்கள். அரை மணி நேர வேலை, முதன்முதலாகப் பாகம் மாற்றிப் பழக நல்ல இடம்.

எலி ஹோஸைக் கடித்துவிட்டது.

சாம்பல் நிற வெளியேற்றும் ஹோஸ் என்றால் புதிதாகப் போடுங்கள். டேப் சுற்றியது ஒரு வாரம்கூடத் தாங்காது. பிறகு மெஷின் நிற்கும் பொந்தில், குழாய் வரும் ஓட்டையைச் சுற்றி ஸ்டீல் கம்பளியை அடைத்துவிடுங்கள். அந்த ஓட்டையை அப்படியே விட்டால் அடுத்த ஹோஸும் போகும்.

உள்ளே எல்லாம் மஞ்சள் கறை. கூடை மாற்ற வேண்டுமா?

மஞ்சளின் நிறம் வெயிலில் வெளிறும். கழற்றக்கூடிய பிளாஸ்டிக்கை எல்லாம் பல்கனியில் இரண்டு நாள் வெயிலில் வையுங்கள்.

உத்தரவாதக் காலம் முடியவில்லை. நானே திறக்கலாமா?

ஃபில்டர், சுழலும் கை, வலை மூன்றும் நீங்கள் கழுவ வேண்டியவைதான். அதைத் தாண்டி ஸ்க்ரூவில் கை வைக்க வேண்டாம், ஏஜென்டைக் கூப்பிடுங்கள். பில்லைப் பத்திரமாக வையுங்கள். உத்தரவாதம் இருந்தும் இழுத்தடித்தால் நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபையின் 1977 இலக்கத்துக்கு அழைத்து முறையிடலாம்.

எப்போது கைவிடுவது?

உட்சுவரில் துரு ஏறி ஓட்டை விழுந்தால். பம்ப் உட்காரும் அடிக்கிண்ணம் வெடித்து, பாகமும் கிடைக்காவிட்டால். போர்டும் ஹீட்டர் சேர்ந்த பம்பும் ஒன்றாகப் போய், இரண்டின் விலை புது மெஷினின் பாதியைத் தாண்டினால். வயதை மட்டும் காரணமாகச் சொல்லாதீர்கள். பதினைந்து வருட மெஷின்கள் ஒரு கெப்பாசிட்டரோடும் ஒரு ரப்பரோடும் நன்றாக ஓடுவதை நான் வாராவாரம் பார்க்கிறேன்.

பாகம் மாற்றியாகிவிட்டது. இனி?

முன்பலகையைப் பூட்ட வேண்டாம். அடியில் காய்ந்த தாளை விரித்து, ஒரு குவளை தண்ணீரை உள்ளே ஊற்றுங்கள், காய்ந்த பம்ப் ரப்பர் நனையட்டும். பாத்திரம் இல்லாமல், குறுகிய கழுவலில் போடுங்கள். முதல் பத்து நிமிடமும் டார்ச்சோடு தரையில் படுத்து, கை வைக்காமல் பாருங்கள். தண்ணீர் வரும்போது ஒருமுறை, மோட்டார் ஓடும்போது ஒருமுறை, வெளியேறும்போது ஒருமுறை. மூன்று முறையும் தாள் காய்ந்தே இருந்தால் பிளக்கைக் கழற்றி, பலகையைப் பூட்டி, மெஷினை மெல்ல உள்ளே தள்ளுங்கள். தள்ளும்போது ஒருவர் சிங்கின் கீழே கையை விட்டு ஹோஸை இழுத்துப் பிடித்திருக்கட்டும், பின்னால் மடிந்தால் நாளைக்கே திரும்ப ஈ 24 வரும்.